தறியை நிறுத்திய அண்ணனுக்கும், ஐயாவைத் தாங்கிய எல்லோருக்கும்

சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்து உறவுகளுக்கும், ஐயாவிடம் திருமுறை என்னும் சைவப் பாடல்களைப் படித்த அத்தனை பேருக்கும் ஐயாவின் மகள் வணக்கத்துடன் எழுதுவது.

ஐயாவைப் பக்கவாதம் தாக்கியது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. ஐயா பிழைத்துவிட்டார். கைத்தடி ஊன்றி நடக்கிறார். வலக்கை இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை. நாலைந்து சொல் சேர்த்துப் பேசுகிறார். முந்தாநாள் பொழுதோட ஒரு பதிகம், அதாவது பத்துப் பாட்டையொட்டிய ஒரு தொகுப்பு, முழுவதையும் தடங்கல் இல்லாமல் பாடி முடித்தார். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி எங்கள் வீட்டுக்கு வடபுறம் தறிக்குடோன் வைத்திருக்கும் அண்ணனுக்கு. பேரைப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தறிச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு விசைத்தறி ஒன்றாக ஓடினால் அடுத்த வீட்டில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு விழாது. நாங்கள் பிறந்ததில் இருந்து அதற்குள்ளேயே தூங்கி எழுந்தவர்கள். அந்தச் சத்தம் ஓடினால்தான் இந்த வீதியில் பாதி அடுப்பு எரியும். அது ஒரு தொந்தரவு என்று எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஐயாவுக்கு மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதால் பேச்சு போயிற்று. நாம் சொல்வது புரியும், பதில் நெஞ்சில் இருக்கும், வாய்க்கு வராது. நாற்பது வருசமாக அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்த மனிதர், தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தவித்ததைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் உண்டு. பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா எங்களுக்குச் சொன்னது இதுதான்: முகத்துக்கு நேராக உட்காருங்கள், ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் பேசுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள், பக்கத்தில் சத்தம் இருக்கக்கூடாது. பேச்சு போனவர்களில் பலருக்குப் பழகின பாட்டு மட்டும் வரும், பாட்டுக்கு மூளையின் வலப்பக்கமும் கைகொடுக்கிறது என்றும் அவர்தான் சொன்னார். நல்லாயிருக்கும் இடக்கையால் அசைக்கு அசை தட்டிக்கொண்டே பாடச் சொல்லுங்கள், அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டு சொல் மேலே வரும் என்றார். என்ன பாட்டு தெரியும் என்று அவர் கேட்டபோது என் அம்மா அழுதுவிட்டார். ஐயாவுக்குப் பதிகத்தைத் தவிர வேறு என்ன பாட்டுத் தெரியும்?

வகுப்பில் சேரும் எந்தக் குழந்தைக்கும் ஐயா முதலில் சொல்லிக்கொடுப்பது கொடுமுடிப் பதிகம். பழம்பஞ்சுரம் என்ற பண்ணில், அதாவது பழைய தமிழ் ராகத்தில், அமைந்தது. காவிரிக் கரையில் நின்று சுந்தரர் பாடியது. நான் உன்னை மறந்தாலும் என் நாக்கு நமச்சிவாய என்று சொல்லும் என்பது அதன் உயிர்நாடி. அதையே எடுத்தோம். முதலில் 'ந' என்ற ஓரெழுத்து மட்டும் வந்தது. அதற்குமேல் அவர் முனகுவதும் தறிச் சத்தமும் ஒன்றாகிவிடும். நான் அவர் வாயருகே காதை வைத்துக் கேட்பேன். அவருக்கோ தன் குரலே தனக்குக் கேட்காது. சலித்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் அண்ணன் இளநீரோடு ஐயாவைப் பார்க்க வந்தார். நான் அப்படிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, சித்தநேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் சத்தம் நின்றுபோனது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்கு மறுநாளும் அதே மாதிரி ஆறு மணிக்கு நின்றது. போய்க் கேட்டேன்.

"ஏனுங்ணா, தறி ரிப்பேருங்களா?"

"இல்லீங் அம்மிணி. ஐயா பாடிப் பழகற நேரமுங்க. இந்தச் சத்தத்துல என்னத்த எடுபடுமுங்க?"

"உங்களுக்குக் கூலி போகுதுங்களே?"

"போச்சாதுங் அம்மிணி."

பரவாயில்லை என்று அவ்வளவுதான் சொன்னார். கூலிக்கு நெய்பவர்களுக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு. தறி நின்றால் துணி இல்லை, துணி இல்லையென்றால் காசு இல்லை. நெய்வதற்குப் பாவு நூல் கொடுத்தவர் சொன்ன தேதிக்குத் துணியைக் கேட்பார். கூலி உயர்வுக்காக இந்த வட்டாரமே எத்தனை முறை தறியை நிறுத்திப் போராடியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட தொழிலில் இருந்துகொண்டு, தினமும் ஒரு மணி நேரத்தை ஒருவர் எங்களுக்காக விட்டுக்கொடுத்தார். அவர் மட்டுமா? தறி ஓட்டுகிறவர்களுக்கும் அதே மீட்டர்க் கணக்குத்தான். அவர்களை உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார், ஒருத்தர்கூட மறுக்கவில்லை. தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கும் ஆத்தா, அந்த நேரத்தில் எங்கள் சுவரோரம் வந்து உட்கார்ந்து கேட்பார். ஒடிசாவில் இருந்து வந்து வேலை செய்யும் இரண்டு தம்பிகள், பாட்டின் அர்த்தம் தெரியாமலே ஐயாவின் கைத்தட்டலுக்குத் தாங்களும் தொடையில் தட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அண்ணன் எங்கள் வகுப்புப் பக்கம் வந்தவரல்லர். அவருக்குக் கோயில் என்றால் குலதெய்வம் அண்ணமார் சாமிதான். ஐயா இருபது வருசமாக அடுத்த வீட்டில் பாடியும் அவரிடம் ஒரு பதிகத்தைப் பற்றிக்கூடப் பேசியதில்லை. இது என் மனத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது. ஐயாவிடம் படித்த நாங்கள் பதிகத்தைக் கற்றுக்கொண்டோம். அந்தப் பதிகம் திரும்பி வருவதற்கு இடம் விட்டவர் அதில் ஒரு வரியும் அறியாதவர். அடுத்த வீட்டில் ஒரு மனிதர் எப்படி வாழ்கிறார் என்பதைச் சத்தத்துக்கு நடுவிலும் ஒருவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். "இத்தனை பாடினவருக்கே இப்படி வந்துருச்சே" என்று பலர் மனம் நொந்து கேட்டீர்கள். அன்பினால் கேட்டதுதான், எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஐயா இதற்கு எப்போதோ வகுப்பில் பதில் சொல்லிவிட்டார். அப்பர் முதல் பதிகத்தைப் பாடியது சூலை நோய் என்ற கொடிய வயிற்றுவலியில் துடித்துக்கொண்டு. சுந்தரர் கண் இழந்து வழிநெடுகப் பாடினார். சம்பந்தர் நம் கொங்கு நாட்டுக்கு வந்தபோது, திருச்செங்கோட்டில் அவர் அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. அங்கேதான் திருநீலகண்டப் பதிகம் பிறந்தது. நோயே வராது என்று ஐயா ஒரு நாளும் யாருக்கும் சொன்னதில்லை. இந்தக் கேள்வியை ஒரு மாணவர் அவர் முன்னாலேயே கேட்டபோது, வெகுநேரம் வாயசைத்து, "அப்பருக்கும்... வந்துச்சு" என்றார். முகத்தில் அத்தனை தெளிவு. பேச்சில்லாத அந்த நாட்களிலும் அவர் யாரையும் நொந்துகொண்டதாக நான் காணவில்லை. விடியற்காலையில் இடக்கையால் தானே திருநீறு பூசிக்கொள்வார், கோணலாகத்தான் விழும், யாரையும் திருத்த விடமாட்டார்.

போன வாரம் ஐயா தடியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போக வேண்டும் என்று சைகை காட்டினார். கூட்டிக்கொண்டு போனேன். ஆறு மணி கடந்திருந்தது, தறிகள் நின்றிருந்தன. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஐயா ஒவ்வொரு தறியாகத் தொட்டுக்கொண்டே போனார். அண்ணன் முன் நின்று, "தறிய... ஓட்டுங்க" என்றார். அண்ணன் தயங்க, "எனக்கு... கேக்குதுங்க" என்றார். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த ஆத்தாதான் போய் சுவிட்சைப் போட்டார்.

மற்ற எல்லோரையும் தனித்தனியாக எழுத இந்தத் தாள் போதாது. நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த 108 ஓட்டுநர் தம்பி, வார்டில் மெல்லப் பாடிக்கொள்ள அனுமதித்த செவிலியர் அம்மாக்கள், இரவு முறை போட்டுக் கண்விழித்த மாணவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கைகால் பயிற்சி கொடுக்கும் தங்கை, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்று கேள்விப்பட்டுக் கெட்டியாக ராகிக் கஞ்சி காய்ச்சித் தினமும் தூக்குப்போசியில் கொடுத்தனுப்பிய மேலவீதி அக்கா, பேரூரிலும் அவிநாசியிலும் கொடுமுடியிலும் வேண்டிக்கொண்டு திருநீறு கொண்டுவந்தவர்கள், கையில் பணத்தைத் திணித்துவிட்டுப் பேர் சொல்லாமல் போனவர்கள், உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஐயாவின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என் உயிர் உள்ளவரை நிற்காது. அதை அவர் காலைத் தொட்டுச் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் மறுபடி தொடங்குகிறோம். நான் பாடம் எடுப்பேன், ஐயா பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவார், தப்பினால் விரலைத் தூக்குவார். எப்போதும்போலக் கட்டணம் கிடையாது. குடோனில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள், ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.