அப்டேட்டுக்குப் பிறகு பேனா அழுத்தம் போனது குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் ஆண்டுச் சந்தாதாரர், ரோஸ் ஹில், மொரிஷியஸ்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
தேதி: 26.01.2026

பொருள்: அப்டேட்டில் சொல்லாமல் மாற்றப்பட்ட பேனா செட்டிங், அதனால் கெட்ட வேலை

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் ஓவிய மென்பொருளுக்கு மூன்று வருடமாகச் சந்தா கட்டுகிறேன். உதவிப் பக்கத்தில் தமிழிலும் எழுதலாம் என்று போட்டிருக்கிறீர்கள். சாட்டில் ஆங்கிலத்தில் மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவருக்கும் விளங்கவில்லை. இனித் தமிழிலேயே சொல்கிறேன்.

ஜனவரி 9, வெள்ளிக்கிழமை இரவு மென்பொருள் தானாக அப்டேட் ஆனது. மறுநாள் காலை உட்கார்ந்தால், கம்ப்யூட்டரோடு இணைத்த வரைபலகையில் (டேப்லெட்) வரைகிற பேனாவுக்கு அழுத்தம் இல்லை. லேசாகத் தொட்டாலும் அழுத்திப் பிடித்தாலும் ஒரே தடிமனில்தான் கோடு விழுந்தது. அப்போது நான் வரைந்துகொண்டிருந்தது மயில். கத்ர் போர்ன் மலைக் கோவிலுக்குக் காவடி எடுத்துப் போகிற எங்கள் தெருக்காரர்களுக்குத் தைப்பூச அழைப்பிதழை வருடா வருடம் நான்தான் செய்து கொடுக்கிறேன். அடியில் தடித்து, நுனியில் மயிரிழையாகிக் காணாமல் போகிற நூற்றுக்கணக்கான கோடுகள் சேர்ந்தால்தான் தோகை. அன்றைக்கு வந்த தோகையை என் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "முருகனுக்கு எதுக்கும்மா விளக்குமாறு?" என்று கேட்டார்.

உங்கள் சாட் இங்கே மாலை நாலரைக்கு மூடிவிடுகிறது. நான் வேலை முடிந்து வீடு வரவே ஐந்தாகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் தட்டித்தான் பேசினேன். முதலாமவர் நிப், அதாவது பேனா முனை, தேய்ந்திருக்கும் என்றார். பார்த்தேன், நுனி ஒரு பக்கம் சப்பையாகத்தான் இருந்தது. மாற்றினேன். கோடு அப்படியே இருந்தது. நிப் தேய்ந்தால் பலகையைக் கீறும், வழுக்கும். ஆனால் அழுத்தம் ஒரே ராத்திரியில், அதுவும் அப்டேட் ஆன ராத்திரியில், முழுசாகப் போகாது.

சந்தேகம் தீர, என் கம்ப்யூட்டரில் இருந்த கிரிட்டா என்ற வேறோர் ஓவிய மென்பொருளைத் திறந்தேன். இலவச மென்பொருள்தான், ஆனால் அதன் டேப்லெட் செட்டிங்ஸில் பேனாவைச் சோதிக்க ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் கிறுக்கினால் அழுத்தம் எண்ணாக ஓடும். மெல்லத் தொட்டபோது குறைந்தது, அழுத்தியபோது ஏறியது. அப்படியானால் பேனா சரி, டேப்லெட் சரி, டேப்லெட்டைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற டிரைவரும் சரி. 8192 நிலை அழுத்தம் உணர்கிற டேப்லெட்டில் உங்கள் மென்பொருளுக்கு மட்டும் இரண்டே நிலை தெரிந்தது: தொட்டது, தொடாதது.

இதை இரண்டாமவரிடம் சொன்னேன். காதில் வாங்காமல், டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னார். போட்டேன். அழுத்தம் வந்தது, கூடவே புதுத் தொல்லையும் வந்தது. பேனாவை வைத்தவுடன் நுனியில் ஒரு வட்டம் சுழல்கிறது. அது முடியும்வரை கோடு வராது, பிறகு விட்ட இடத்தைப் பிடிக்க நேராகத் தாவுகிறது. மயிலாவது பரவாயில்லை, எழுத்தை என்ன செய்வது? 'அழைப்பிதழ்' என்ற சொல்லில் மட்டும் இரண்டு ழகரம், இரண்டிலும் சுழி மூலை மூலையாக உடைந்தது. இங்கே ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் இருக்கிறது, ஆனால் வீட்டில் கிரியோல் பேசுகிற பிள்ளைகள் கையால் எழுதிய தமிழைப் பார்ப்பது இப்படி ஏதாவது அழைப்பிதழில்தான். அதில் ழ இப்படியா இருப்பது?

மூன்றாமவர் புது டேப்லெட் வாங்கச் சொன்னார். அவரைப் பற்றி எழுத வேறெதுவும் இல்லை.

காரணத்தைக் கடைசியில் கண்டுபிடித்தவன் என் அண்ணன் மகன். விண்டோஸில் பேனா அழுத்தம் மென்பொருளுக்கு இரண்டு வழியாக வரலாம். ஒன்று வின்டேப், 1990களிலிருந்து இருக்கிற பழைய வழி. மற்றது விண்டோஸ் இங்க், 2016இல் விண்டோஸ் 10இன் அப்டேட் ஒன்றில் வந்தது. நான் வின்டேப்பில்தான் வைத்திருந்தேன். அந்தச் சுழல்வட்டம் பிடிக்காமல், டிரைவரில் விண்டோஸ் இங்க் டிக்கை எப்போதோ எடுத்தும்விட்டேன். உங்கள் அப்டேட் என்னைக் கேட்காமல் மென்பொருளை விண்டோஸ் இங்குக்கு மாற்றியிருக்கிறது. டிரைவர் ஒரு வாசலில் அழுத்தத்தைக் கொடுக்க, மென்பொருள் இன்னொரு வாசலில் காத்திருந்தது. டிரைவரை மறுபடி போட்டபோது அந்த டிக் தானாக விழுந்தது, அழுத்தமும் வட்டமும் சேர்ந்து வந்தன. மென்பொருளை வின்டேப்புக்கு மாற்றி, டிக்கை எடுத்து, மூடித் திறந்தோம். முதல் கோடே பழையபடி மெலிந்து முடிந்தது. ஐந்து நிமிட வேலை, பத்து நாள் கழித்து.

போனது அது மட்டுமா? எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்று நான் வைத்திருந்த அழுத்த வளைவையும் அழித்துவிட்டீர்கள். எனக்குக் கை லேசு. மெல்லத் தொட்டாலே பிரஷ் விரிகிற மாதிரி அந்த வளைவின் தொடக்கத்தைத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வைத்திருந்தேன். இப்போது அங்கே ஒரு நேர்கோடு நிற்கிறது. பழையதை எப்படி வைத்திருந்தேன் என்று கைக்குத்தான் ஞாபகம், எனக்கு இல்லை.

ஜனவரி 20இல் வந்த சின்ன அப்டேட்டும் இதையே மறுபடி செய்தது. அதனால்தான் இந்தக் கடிதம். பயனர் வைத்த பேனா செட்டிங்கையும் வளைவையும் அப்டேட் தொடக் கூடாது. மாற்றியே ஆகவேண்டும் என்றால் திறந்தவுடன் ஒரு வரி சொல்லுங்கள். உதவிப் பக்கத்தில் 'நிப்பை மாற்றவும்' என்பதற்கு மேலே இந்த இரண்டு வழி விஷயத்தைப் போடுங்கள், சாட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். 9ஆம் தேதி முதல் 19ஆம் தேதி வரை வேலை நடக்கவில்லை, அந்த 11 நாளை என் சந்தாவில் சேர்த்துத் தரவேண்டும். அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்களையும், ஒரே பிரஷ்ஷில் இழுத்த இரண்டு கோடுகளையும் இணைத்திருக்கிறேன்.

அச்சகத்துக்கு 16ஆம் தேதியே கொடுக்க வேண்டியிருந்தது. போன வருட மயிலையே போட்டு அனுப்பினேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்