யூரியா கணக்கில் எங்கள் வடிகாலையும் சேருங்கள்

காவிரிப் படுகையின் நீர்வளத்துறை, வேளாண்மைத் துறை அதிகாரிகளுக்கும், நைட்ரஜன் மாசைக் கணினியில் கணக்கிடும் ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

நான் திருவாரூர்ப் பக்கம் சம்பா போடுகிறவன். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஒன்றரை ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா மேலுரமாகத் தூவிவிட்டு வீடு திரும்பினேன். ராத்திரி பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. பயிர் மூழ்கிவிடுமே என்று இருட்டோடு போய் வரப்பை வெட்டிவிட்டேன். 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் மட்டுமே 20 கிலோவுக்கு மேல். அதில் எத்தனை கிலோ அந்தத் தண்ணீரோடு போயிற்றோ!

ஆனால் அது நேராக ஆற்றுக்குப் போகவில்லை. முதலில் கீழ்வயலில் இறங்கியது. பத்து நாளில் அந்தப் பயிர் கரும்பச்சை கட்டி நின்றது. அப்புறம் வடிகால். மேட்டு ஊரின் வடிகால்தான் இங்கே பள்ளத்து ஊருக்குப் பாசன வாய்க்கால். நிற்கிற இடமெல்லாம் கொஞ்சம் பயிருக்கு, கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றுக்கு, கொஞ்சம் காற்றுப் புகாத சேற்றில் நைட்ரஜன் வாயுவாக என்று கரைந்து, மிச்சம்தான் வெட்டாறு வழியாகக் கடலுக்குப் போகிறது.

அமெரிக்க வேளாண் துறையில் பிறந்த 'ஸ்வாட்' போன்ற கணினி மாதிரிகள் நிலத்தின் மேடு பள்ளத்தை வைத்து நீர் போகும் வழியை வகுக்கின்றன. சரிவான நிலத்துக்கு அது சரி. தட்டையான எங்கள் ஊரில் தண்ணீர் ஷட்டர் திறந்த பக்கம் போகும். மதகு ஷட்டர்களைத் திறந்து மூடும் பாசன ஊழியரான லஸ்கர் எந்த ஷட்டரை எந்த நாளில் ஏற்றினார் என்ற குறிப்பு இல்லாமல் இங்கே கணக்குப் போட முடியாது.

அளவெடுப்பதும் அப்படித்தான். ஆற்றில் போகும் நைட்ரஜன் எவ்வளவு என்பது நீரின் செறிவையும் ஓட்டத்தையும் பெருக்கினால் வருவது. மாதம் ஒருமுறை பாட்டிலில் பிடிக்கும் தண்ணீர் அந்த மழை ராத்திரியைக் காட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் வாயிலேயே சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுங்கள். நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் தனித்தனியாக எடுங்கள். இல்லாவிட்டால் மொத்தப் பழியும் விவசாயி தலையில் விழும்.

எங்கள் பங்கை நான் மறுக்கவில்லை. இப்போது இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, நிறம் குறைந்தால்தான் யூரியா போடுகிறேன். தூவிய தேதியும் வரப்பு வெட்டிய நேரமும் நோட்டில் இருக்கின்றன. கேட்டால் தருகிறேன். முதல் பாட்டிலை என் வயலில் தண்ணீர் வந்து போகும் வாமடையிலேயே பிடிக்கலாம். மழை ராத்திரியானாலும் டார்ச்சோடு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி