மறுபடியும் வந்துடுச்சு டி

ஏய், எப்படி இருக்க? உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் எழுதலன்னு கோவிச்சுக்காத. புது வேலை கிடைச்சத எழுதியிருந்த, படிச்சதும் அவ்ளோ சந்தோஷம், அன்னிக்கே எழுத உக்காந்தேன், அதுக்குள்ள பெரியவ கால் வலிக்குதுன்னு வந்து நின்னா, முட்டிக்குக் கீழ நீலம் நீலமா திட்டு. பாத்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. ரத்தம் எடுத்தாங்க, ரத்தம் உறைய வைக்கிற பிளேட்லெட் இறங்கியிருக்கு, அப்புறம் எலும்பு மஜ்ஜை டெஸ்ட், அதே லுக்கீமியாதான், ரத்தப் புற்றுநோய், மறுபடியும்.

டிரீட்மெண்ட் முடிஞ்சு ஒரு வருஷம் ரெண்டு மாசம்தான் டி ஆகுது. நிறுத்தி 6 மாசம் தாண்டி வந்தா அத 'லேட் ரிலாப்ஸ்'னு சொல்றாங்க, சீக்கிரமா திரும்பி வர்றதவிட இதுல வாய்ப்பு நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தைய பிடிச்சுக்கிட்டுதான் இப்ப ஓடிட்டிருக்கேன்.

முதல் மாசம் கீமோ. அது முடிஞ்சதும் எம்ஆர்டின்னு ஒரு டெஸ்ட், 10,000 செல்லுல ஒரே ஒரு கெட்ட செல் மிச்சம் இருந்தாக்கூட காட்டிடுமாம், அத வச்சுதான் வேற ஒருத்தர் மஜ்ஜைய வைக்கிற டிரான்ஸ்பிளாண்ட் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. சின்னவனுக்கும் மேட்ச் பாக்க ரத்தம் எடுத்தாச்சு. கூடப் பொறந்தவங்களுக்கு நாலுல ஒண்ணுதான் வாய்ப்பு. "அக்காவுக்கு என்னோடது சரியா வரலன்னா என்ன திட்டுவீங்களா"ன்னு கேக்குறான், என்ன சொல்றது சொல்லு.

போன தடவ குடுத்த அந்த சிவப்பு மருந்துக்கு வாழ்நாளுக்கே ஒரு அளவு உண்டாம், தாண்டினா இதயத்த பாதிக்கும். அதனால இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்து, ஏற்கனவே எவ்ளோ போயிருக்குன்னு கணக்கு பாத்துதான் இப்ப குடுக்குறாங்க. இதுக்கப்புறம் ப்ளினாடுமோமாப்னு ஒண்ணு குடுக்கலாம்ங்குறாங்க, அது கீமோ இல்ல, ஒரு பக்கம் நம்ம உடம்புல நோயோட சண்டை போடுற டி செல்ல பிடிச்சுக்கும், இன்னொரு பக்கம் கேன்சர் செல் மேல இருக்கிற சிடி19 புரதத்த பிடிச்சுக்கும், ரெண்டையும் பக்கத்துல கொண்டு வந்து விட்டுடும். 28 நாள் ராப்பகலா நிக்காம ஏறணும், பம்ப்ப சின்ன பைல போட்டு முதுகுல மாட்டிக்கலாம். ராத்திரி தூக்கம் வரலன்னா இதையெல்லாம்தான் படிக்கிறேன். நம்ம டி செல்லயே வெளிய எடுத்து, கேன்சர அடிக்கிற மாதிரி மாத்தி திரும்ப ஏத்துற கார்-டி செல் சிகிச்சை 2012ல எமிலி வைட்ஹெட்னு ஒரு பொண்ணுக்குத்தான் லுக்கீமியா வந்த குழந்தைகள்ல முதல் முதலா குடுத்தாங்க, அவளுக்கு ரெண்டு தடவ திரும்பி வந்திருந்துச்சு, இன்னிக்கு பெரிய பொண்ணா இருக்கா. அவ ஃபோட்டோவ எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல.

ஆனா உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சது இதெல்லாம் இல்ல. போன தடவ அவளுக்கு அஞ்சு வயசு, காய்ச்சல் சரியாக ஊசின்னு சொல்லிட்டோம், நம்பினா. இப்ப ஒம்பது ஆகப் போகுது, ஒண்ணும் மறைக்க முடியாது, மருந்து ஏத்த நெஞ்சுல தோலுக்கடியில வைக்கிற போர்ட்ட எந்தப் பக்கம் வைப்பாங்கன்னு அவளே கேக்குறா. டெக்ஸாங்குற ஸ்டீராய்டு மருந்து ஆரம்பிச்சா கோவம் வரும், ராத்திரி ரெண்டு மணிக்குப் பசிக்கும்னு தம்பிக்கு முன்கூட்டியே சொல்லி வச்சிருக்கா. முடி மறுபடியும் கொட்டுமான்னு கேட்டா. கொட்டும்னு சொல்லிட்டேன். திரும்பிக்கிட்டு கொஞ்ச நேரம் அழுதா, நான் எதுவும் பேசாம பக்கத்துல படுத்துக்கிட்டேன்.

அப்புறம் மெதுவா கேக்குறா, "அம்மா, அன்னிக்கு நான் மாத்திரைய துப்பிட்டு சாப்ட்டேன்னு பொய் சொன்னேன், அதனாலதான் திரும்ப வந்துச்சா?" இத ஒரு வாரமா மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்கா டி, இத்தனூண்டு புள்ள. உனக்கு நோய் வந்ததுக்கு நீ காரணம் இல்லன்னு முதல் தடவயே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன். மறுநாள் டாக்டரே அவ கட்டில்ல உக்காந்து, ஒரு நாள் மாத்திரையால எல்லாம் இது வராதுன்னு அவ கண்ண பாத்து சொன்னார். அப்புறம்தான் நல்லா தூங்கினா. நீ கூட உன் பையன்கிட்ட சொல்லி வை, புள்ளைங்க எந்தப் பழிய மனசுல வச்சிருக்கோ நமக்குத் தெரியவே மாட்டேங்குது.

ஒரு உதவி பண்ணு. அவளுக்குத் தனியா நாலு வரி எழுது. தைரியமா இருன்னெல்லாம் எழுதாத, அதுதான் எல்லாரும் சொல்றாங்க, கேட்டு கேட்டு அலுத்துட்டா. உன் பூனை குட்டி போட்டுச்சா இல்லையா, அத எழுது, தினமும் கேக்குறா.

நாளைக்குக் காலைல முதுகுல ஊசி. முடிஞ்சதும் ஃபோன் பண்றேன், நீயா பண்ணாத, அவ தூங்கிட்டிருப்பா.