செங்கல்லில் எழுந்த உயரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியத் தேவாலயங்கள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கூர்வளைவுகளோடு வானை நோக்கி எழும் கோதிக் பாணி என்றாலே செதுக்கிய கல்தான் என்பதுபோல் எழுதியிருப்பது மனதை உறுத்துகிறது. வேலைக்காலம் முழுக்கச் செங்கல்லோடு பழகிய கட்டடப் பொறியாளன் நான். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் இருக்கும் லூபெக் நகரத்து மரியா தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பால்டிக் கடல் வணிகத்தில் கொழித்த ஊர் லூபெக். ஹன்சா என்ற வணிகக் கூட்டமைப்பின் நகரங்களுக்கெல்லாம் தலைநகரம்போல இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வெட்டியெடுக்க நல்ல கல் கிடையாது, களிமண் இருக்கிறது. பிரான்சில் கல்லில் எழுப்பிய பேராலயங்களின் உயரம் தங்களுக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்ட வணிகர்கள் சூளையை நம்பி இறங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய கோதிக் கட்டுமானம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நடந்தது. ஆயரின் பேராலயம் ஊரின் தென்கோடியில் இருக்க, இவர்கள் தங்கள் கோயிலைச் சந்தைக்கும் நகர மன்றத்துக்கும் பக்கத்தில், அதைவிடப் பெரிதாகக் கட்டினார்கள். யார் கை ஓங்கியிருந்தது என்பதை அந்தக் கோபுரங்களே சொல்லிவிடும்.

நடுக்கூடத்தின் கூரை வளைவு தரையிலிருந்து 38.5 மீட்டர் உயரம். செங்கல் வளைவுகளில் உலகிலேயே உயரமானது இதுதான். நம் கணக்கில் பன்னிரண்டு மாடி. அத்தனை உயரத்தில் வளைவின் பாரம் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு வெளியிலிருந்து முட்டுக்கொடுக்கும் சாய்வளைவுகளையும் செங்கல்லிலேயே கட்டியிருக்கிறார்கள். கல்லென்றால் உளி வைத்து இலையும் பூவும் கொண்டுவரலாம். செங்கல் அப்படி வளைந்து கொடுக்காது. தூணின் விளிம்புக்கும் சன்னலின் ஓரத்துக்கும் வேண்டிய வடிவத்தைப் பச்சை மண்ணாக இருக்கும்போதே கொடுத்துச் சுட வேண்டும். எந்தச் செங்கல் எங்கே உட்காரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அலங்காரம் குறைந்து நேர்கோடுகள் மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும் அந்தக் கம்பீரம் இப்படி வந்ததுதான். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து நின்றேன். பால்டிக் கரையோரம் ஏறத்தாழ 70 தேவாலயங்களுக்கு இதுவே முன்மாதிரி.

இங்கே ஆர்கன் வாசித்த புக்ஸ்டஹூடேயைக் கேட்பதற்காக 1705இல் இருபது வயது பாஹ் (பின்னாளில் பெரும் இசையமைப்பாளர் ஆனவர்), ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் நடந்தே வந்தார் என்பதையும் இசைப்பிரியர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

1942 மார்ச் 28 இரவு, குருத்து ஞாயிறுக்கு முந்தைய இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய தீக்குண்டுகளில் கோயில் எரிந்தது. இடைக்கால ஓவியர் பெர்ன்ட் நோட்கே பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட, எல்லாத் தரப்பினரையும் மரணம் ஆடியபடி அழைத்துப்போகும் மரண நடன ஓவியம் சாம்பலானது. 16ஆம் நூற்றாண்டு வானியல் கடிகாரமும் போனது. அதே வெப்பத்தில் சுவர்ப்பூச்சு உதிர்ந்து, அடியிலிருந்த இடைக்கால ஓவியங்கள் வெளியே வந்தன. அவற்றைச் சீரமைக்கும் வேலையில்தான் பெரிய மோசடி நடந்தது. லோதர் மால்ஸ்காட் என்ற ஓவியர் கோயிலின் பலிபீடப் பகுதியில் புனிதர்களைத் தானே வரைந்து பழைய ஓவியம் என்று நம்பவைத்தார். 1951இல் கோயிலின் 700ஆம் ஆண்டு விழா நடந்தது, தபால்தலை வெளியானது, எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த ஆண்டு அவரே உண்மையைச் சொன்னார். வழக்கு நடந்து சிறைத்தண்டனையும் கிடைத்தது. அந்தப் போலிப் புனிதர்களைச் சுவரிலிருந்து அழித்துவிட்டார்கள். அழித்தது சரி என்பதுதான் என் எண்ணம். பழையது போனால் போனதுதான். அந்த இடத்தில் பொய்யை உட்காரவைப்பது, கட்டியவனுக்கும் வணங்க வருகிறவனுக்கும் செய்யும் துரோகம். எரிந்த மரக் கூரைச்சட்டத்துக்குப் பதிலாக கான்கிரீட் சட்டம் போட்டார்களே, அது நேர்மையான வேலை. அதை யாரும் 14ஆம் நூற்றாண்டு என்று சொல்லவில்லை.

தெற்குக் கோபுரத்தின் அடியில் இரண்டு மணிகள் கிடக்கின்றன. அன்றிரவு மேலேயிருந்து விழுந்து, உடைந்து, தரையில் புதைந்தவை. தூக்கவில்லை, ஒட்டவில்லை, விழுந்தபடியே விட்டிருக்கிறார்கள். அருகில் நின்றவர்கள் யாரும் பேசவில்லை. நானும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

இந்தத் தொடர் நூலாக வருமானால் செங்கல் கோதிக்குக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால், கோபுரத்தை விட்டுவிட்டு அந்த மணிகளைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
திருச்சி