செயலாளர் ஆண்டறிக்கை: சேலம் வட்டாரக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இணையவழிப் பாட உதவி

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இந்த ஹஸ்தம்பட்டி மாடி அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆண்டு முழுக்க நாம் செய்த வேலையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து கல்லூரிகள் மூடியபோது, இணையத்தில் வகுப்பெடுப்பது எப்படி என்று தெரிந்தவர் தெரியாதவருக்குப் போனில் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தோம். அதுதான் நம் வட்டத்தின் தொடக்கம். அன்று கேட்ட கேள்விகள் வேறு. மைக்கை எங்கே அணைப்பது, மாணவர்களை எப்படி உள்ளே விடுவது என்பது போன்றவை. இன்று அவை பெரும்பாலும் யாருக்கும் தேவைப்படுவதில்லை. போன செமஸ்டரில் போட்ட பாடத்தை இந்த செமஸ்டருக்கு எப்படிக் கொண்டுவருவது, அறுபது பேர் எழுதிய அசைன்மென்ட்டை இன்டர்னல் மார்க்குக்குள் எப்படித் திருத்தி முடிப்பது, வகுப்புக்கு வராத பிள்ளைக்கு என்ன அனுப்புவது என்று கேட்கிறார்கள். கேள்விகள் கருவியிலிருந்து பாடத்துக்கு நகர்ந்துவிட்டன. அதற்கேற்ப நாமும் நகர்ந்தோம்.

பெரிய அரங்கில் புரொஜெக்டரைப் போட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டும் பயிலரங்குகளை இந்த ஆண்டு நாம் நடத்தவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இங்கே கூடினோம். வருகிறவர்களுக்கு ஒரே நிபந்தனைதான்: அடுத்த வாரம் நீங்கள் நடத்தப்போகும் பாடத்தைக் கையில் கொண்டுவாருங்கள். பிபிடியாக இருக்கலாம், நோட்டுப் புத்தகமாக இருக்கலாம், பழைய வினாத்தாளாகவும் இருக்கலாம். நம் உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் உட்காருவார். மௌஸ் வந்தவர் கையிலேயே இருக்கும், நம் கைக்கு வராது. எழுந்து போகும்போது அந்த ஒரு பாடமாவது மாணவர்கள் திறந்து பார்க்கும் நிலையில் ஏறியிருக்க வேண்டும். சான்றிதழ் எதுவும் நாம் தருவதில்லை. அதனால் கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள், உடன் பணிபுரிபவர்களையும் அழைத்து வந்தார்கள்.

பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் வைக்க எந்தத் தளம் நல்லது என்ற விவாதத்துக்கு இந்த ஆண்டும் குறைவில்லை. 2002-இல் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்ட மூடில் இலவச, திறமூல மென்பொருள். கல்லூரி தன் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம், மாணவர் தலைக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் கிடையாது. 2014-இல் வந்த கூகுள் கிளாஸ்ரூமை ஒரு ஆசிரியர் தனியாளாக அரை மணி நேரத்தில் தொடங்கிவிடலாம். என் கருத்து இதுதான்: தனி ஆசிரியருக்குக் கிளாஸ்ரூம் போதும். துறையே சேர்ந்து வினா வங்கி சேர்க்கப்போகிறது என்றால் மூடில்தான் சரி. கேள்விகளை அலகு வாரியாகப் பிரித்து வைத்து, ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு கேள்வி எடுத்துக் கொடுக்க அது ஒன்றில்தான் வசதியாக இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் பாடத்தளமாக வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது: அறிவிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாடத்தை அதில் போடாதீர்கள். போன மாதம் அனுப்பிய குறிப்பை ஒரு மாணவி தேடி எடுப்பதற்குள் தேர்வே முடிந்துவிடும்.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் வாங்கியது காணொளியோ வினாடிவினாவோ அல்ல, எழுத்துரு. தமிழ்த் துறையிலிருந்தும், தமிழ்வழி வரலாறு, பொருளியல் வகுப்புகளிலிருந்தும் வந்தவர்களின் பல ஆண்டு உழைப்பு பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கிறது. அவர்கள் கணினியில் அது அழகான தமிழ். மூடிலில் ஒட்டியவுடன் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகிவிடும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத இடத்தில் அந்த ஐந்தும் வெளியே தெரிந்துவிடுகின்றன. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் வீட்டு மேசையில் இருக்கும் கோப்புகள் ஆணை வந்ததும் தாமாக மாறிவிடுமா?

மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூலம் பாமினியா வானவிலா என்று தவறாகத் தேர்ந்தெடுத்தால், வருவதும் தமிழ் எழுத்தாகவே இருக்கும், ஆனால் ஒரு சொல்லுக்கும் பொருள் இருக்காது. பத்தியின் நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் கருவி தமிழாக்கித் தொலைத்துவிடும். அதனால் முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றுவதில்லை. வேர்டில் எழுத்துரு வாரியாகத் தேடி, பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் எடுத்து மாற்றுகிறோம். பிறகு ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் புதியதைச் சரிபார்க்கிறார். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பேராசிரியை, தாம் பணிக்குச் சேர்ந்த நாள் முதல் சேர்த்த இலக்கண வினாக்களை இப்படித்தான் மீட்டார். கேள்விகளை நோட்பேடில், கேள்வியும் அதன் கீழ் விடைத் தேர்வுகளுமாக எழுதும் ஐக்கன் வடிவத்தில் அடுக்கி, யூனிகோடுக்கான யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து மூடிலில் ஏற்றியதும் ஓர் அலகு முழுவதும் ஒரே சொடுக்கில் வந்து நின்றது. "இனி இது என்னோட போயிராதுங்க" என்றார். அன்று அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினோம்.

எழுத்துருவை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நம் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் யூனிகோடு தமிழை அவர்களுக்கு வாசித்துக் காட்டும். பாமினிக் கோப்பை வாசிக்கச் சொன்னால் ஆங்கில எழுத்துகளைத்தான் உளறும். கையெழுத்துக் குறிப்பைப் போட்டோ எடுத்துப் பிடிஎஃப் ஆக்கிப் போட்டால் அதற்கு வாசிக்க அங்கே எதுவுமே இல்லை. ஒரு மாணவருக்காகவா இவ்வளவு வேலை என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஆமாம், ஒரு மாணவருக்காகத்தான்.

காணொளி விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது நிமிட வகுப்பை அப்படியே பதிவுசெய்து போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் மாணவர்கள் காணொளி பார்த்த 69 லட்சம் தடவைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. காணொளி எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் நடுமதிப்பாக ஆறு நிமிடத்துக்கு மேல் அதில் நிற்பதில்லை என்று அது காட்டியது. வெறும் ஸ்லைடுகளைக் காட்டிப் பேசுவதைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கும் காணொளிகள் மாணவர்களை அதிகம் பிடித்துவைத்தன என்பதும் அதில் தெரிந்தது. நம் கணித ஆசிரியர்களுக்கு இது பெரிய தெம்பு. இரண்டு புத்தக அடுக்கு, குறுக்கே ஒரு நீள ஸ்கேல், அதன் மேல் கேமரா கீழே பார்க்கும்படி போன், அடியில் வெள்ளைத் தாள். ஸ்டூடியோ அவ்வளவுதான். ஒரு கணக்கு, ஒரு காணொளி.

பணம் செலவழிப்பதானால் முதலில் காலர் மைக்குக்குச் செலவழியுங்கள், கேமராவுக்கு அல்ல. படம் மங்கலாக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார். மின்விசிறி இரைச்சலில் குரல் மூழ்கினால் மூடிவிட்டுப் போய்விடுவார். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசும் அந்த எட்டு நிமிடம் சேலத்து ஏப்ரலில் பெரிய தவம்தான், வேறு வழியில்லை. கணினித் திரையையும் குரலையும் சேர்த்துப் பதிய ஓபிஎஸ் ஸ்டூடியோவைக் கற்றுக் கொடுத்தோம். அதுவும் இலவசம்.

கோப்பின் அளவைத்தான் நம் ஆசிரியர்கள் அதிகம் கவனிப்பதில்லை. போனில் 1080பி-யில் எடுத்த எட்டு நிமிடக் காணொளி சுமார் ஒரு ஜிபி வரும். அதையே ஹேண்ட்பிரேக் மென்பொருளில் விநாடிக்கு 500 கிலோபிட் அளவுக்குச் சுருக்கினால் 30 எம்பி. தாளில் எழுதும் கணக்குக்கு அந்தத் தெளிவு தாராளம். அப்போதும் மூடில் சர்வரில் நேரடியாக ஏற்றாமல், யூடியூபில் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி போட்டு, லிங்கை மூடிலில் பதியச் சொல்கிறோம். மாணவர்களின் முகமோ குரலோ பதிவாகியிருந்தால் அவர்களைக் கேட்காமல் ஏற்றக்கூடாது என்பதில் நம் வட்டம் கறாராக இருக்கிறது.

30 எம்பிக்கும் ஒரு ஜிபிக்கும் உள்ள வித்தியாசம் ஏற்காட்டில்தான் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி தினமும் சேலத்துக்குப் படிக்க வரும் மலைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏரிப் பக்கம் சிக்னல் இருக்கும். எஸ்டேட்டுகளைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்களில் பல இடத்தில் இருக்காது. மழை பிடித்துக்கொண்டால் இருப்பதும் போகும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வீட்டோடு வேலைக்குப் போய் வகுப்பைத் தவறவிடுபவர்களும் உண்டு. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரசு நாளுக்கு 2 ஜிபி டேட்டா அட்டை கொடுத்தது பெரிய உதவி. ஆனால் செல்போன் கோபுரம் எட்டாத இடத்தில் அட்டையால் என்ன செய்ய முடியும்?

இந்தப் பிள்ளைகளிடம் கேட்டுத்தான் இந்த ஆண்டு சில நடைமுறைகளை வகுத்தோம். நேரலையில் வருவதைக் கட்டாயமாக்க வேண்டாம். மூடிலின் கைப்பேசிச் செயலியில் பாடத்தைக் கல்லூரி வைஃபையில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் அமைப்பில் அனுமதித்தால் வினாடிவினாவையும் சிக்னல் இல்லாமல் எழுதி, பிறகு ஒத்திசைக்கலாம். அந்த அனுமதி வினாடிவினா அமைப்புகளில் ஒரே ஒரு தேர்வுதான். அது இருப்பது தெரிந்த ஆசிரியர் வெகு சிலர். வினாடிவினாவைப் பத்து மணிக்குத் திறந்து பதினொரு மணிக்கு மூடாமல், இரண்டு மூன்று நாள் திறந்து வையுங்கள். ஆனால் தொடங்கியபின் இத்தனை நிமிடம் என்று நேரக் கட்டுப்பாடு வைக்காதீர்கள், வைத்தால் சிக்னல் இல்லாமல் எழுத முடியாது. நாகலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, மாலை பஸ் ஏறும் முன் கல்லூரி மரத்தடியில் அந்த வாரப் பாடத்தை இறக்கிக்கொள்வதாகச் சொன்னாள். ஆசிரியர்களிடம் நான் கேட்பது: வெள்ளிக்கிழமை இரவு ஏற்றாதீர்கள், மதியத்துக்குள் ஏற்றிவிடுங்கள்.

கௌரவ விரிவுரையாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மிடம் வருபவர்களில் ஆர்வமும் உழைப்பும் அதிகம் காட்டுபவர்கள் அவர்களே. ஒரு கல்லூரியில், விரிவுரையாளர் ஒருவர் பணியிலிருந்து விலகியதும் அவருடைய கல்லூரி மின்னஞ்சல் மூடப்பட்டு, அவர் உருவாக்கிய வகுப்புகள் அவர் கைக்கு எட்டாமல் போயின. இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியவை உண்டு. கிளாஸ்ரூமில் தொடக்கத்திலேயே இன்னோர் ஆசிரியரைச் சேர்த்துவிட்டால், தேவைப்படும்போது வகுப்பின் உரிமையை அவருக்கு மாற்றலாம். மூடிலில் செமஸ்டர் முடிவில் மாணவர் விவரங்களை நீக்கிப் பாடத்தை மட்டும் பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பைத் தன் பென்டிரைவில் ஆசிரியர் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு கல்லூரிக்குப் போனாலும் அங்கே ஏற்றிக்கொள்ளலாம். உழைத்தவரிடம் ஒரு பிரதி இருப்பது அவர் உரிமை என்று துறைத் தலைவர்களிடம் தொடர்ந்து பேசி வருகிறோம். சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் உள்ள பாடங்கள் பற்றியும் கேட்கிறார்கள். 2021-இன் யுஜிசி விதிகள் ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அங்கே படிக்க இடம் தருகின்றன. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது கல்லூரிகளின் கல்விக் குழு முடிவு செய்ய வேண்டியது. பதிவுசெய்யும் முறையைச் சொல்லித் தருவதோடு நாம் நிறுத்திக்கொண்டோம்.

வரும் ஆண்டுக்கு மூன்று வேண்டுகோள்களை உறுப்பினர்கள் முன் வைக்கிறேன். வானவிலில் அடித்துப் பழகிய, பிழைதிருத்தப் பொறுமையுள்ள ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இரண்டு மூன்று பேர் சனிக்கிழமைகளில் வேண்டும். வட்டத்தின் செலவில் இரண்டு காலர் மைக்குகள் வாங்கி, நூலகப் புத்தகம் போல ஆசிரியர்களுக்கு இரவல் கொடுக்க அனுமதி வேண்டும். காப்பிப் பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு கூட்டத்தை ஏற்காட்டிலேயே, மாணவர்களையும் உட்கார வைத்து நடத்த வேண்டும். இடம் தருவதாக நம் உறுப்பினர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

மாடியை வாடகையில்லாமல் தந்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் டீயும் போட்டுக் கொடுக்கும் வீட்டாருக்கும், சனிக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்த எல்லா உறுப்பினர்களுக்கும் என் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்க வேண்டுகிறேன். மைக் வாங்கும் தீர்மானத்தைப் பொருளாளர் முன்மொழிவார்.