சோத்னியாவை வெறும் 'படைப்பிரிவு' ஆக்காதீர்கள்

ருஷ்ய, உக்ரைனிய நூல்களைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். தோன் நதிக்கரையை உங்கள் எழுத்து வழியேதான் கண்டேன். அந்த நன்றியோடும், நெடுநாள் மனத்தை உறுத்தும் ஒரு வருத்தத்தோடும் எழுதுகிறேன்.

உக்ரைன், தெற்கு ருஷ்யப் புல்வெளிகளின் போர்வீரக் குடியினரான கொசாக்குகள் வரும் பக்கங்களில் குரேன், சோத்னியா, போல்க் மூன்றுமே 'படைப்பிரிவு' ஆகிவிடுகின்றன. சோத்னியாவின் தலைவரான சோத்னிக், எசாவுல் என்ற படைப் பதவியாளர் எல்லோரும் 'அதிகாரி'. பாளையக்காரரை யாராவது இப்படி 'அதிகாரி' என்று எழுதினால் நாம் பொறுப்போமா?

குரேன் என்பது முதலில் ஒரு வீடு. நீப்பர் ஆற்றங்கரையில் கொசாக்குகளின் கோட்டை முகாமான ஸபரோஜிய சிச்சில் வீரர்கள் ஒன்றாக உண்டு உறங்கிய நீண்ட கூடம் அது. போர் வந்தால் அந்தக் கூடமே ஓர் அணி. பதினெட்டாம் நூற்றாண்டில் அப்படி 38 குரேன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் அத்தமானை, அதாவது தலைவரை, தானே தேர்ந்தெடுத்தது. அவர்கள் அனைவருக்கும் மேலிருந்த கோஷவோய் அத்தமானை வீரர்கள் கூடிய ராதா என்ற சபை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தது; வேண்டாமென்றால் இறக்கியும் விட்டது. 'தளபதி' என்ற சொல்லில் இதில் எது மிஞ்சுகிறது?

போல்க் இன்னும் சிக்கலானது. 1649-இல் போலந்து மன்னருக்கும் கொசாக்குகளுக்கும் இடையிலான ஸ்போரிவ் உடன்படிக்கை 40,000 பேரைக் கொசாக் வீரர்களாகப் பதிவேட்டில் ஏற்றது. அவர்கள் 16 போல்க்குகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு போல்க்கும் ஒரு நிலப்பகுதி. அது சோத்னியாக்களாகப் பிரியும். சோத்னியா பெயரில்தான் நூறு. ஆள்கணக்கு இடத்துக்கு இடம் மாறும். போரில் படை நடத்திய போல்க்கோவ்னிக்தான் அமைதிக் காலத்தில் அந்தப் பகுதியை ஆண்டார். அவரைக் 'கர்னல்' என்று மட்டும் எழுதினால் ஆட்சியாளர் மறைந்துபோகிறார்.

1775-இல் இரண்டாம் கேத்தரின் சிச்சை அழித்தார். ருஷ்யப் பேரரசின் கீழ் இருந்த பின்னாளின் தோன் கொசாக் படை வேறு உலகம். அங்கே குதிரையும் சீருடையும் வாளும் வீரனின் சொந்தச் செலவு. மகனைப் படைக்கு அனுப்பப் பல குடும்பங்கள் கடன்பட்டன. களச்சேவை பன்னிரண்டு ஆண்டு, நான்கு நான்காக மூன்று முறைகள். முதல் முறையினர் படையில் இருப்பார்கள். மற்ற இரு முறையினர் ஊரில் இருந்து, போர் மூண்டால் அழைக்கப்படுவார்கள். 'இரண்டாம் முறைப் படையணி' என்பதை 'இரண்டாந்தரப் படை' என்று பெயர்த்தால், உழவை விட்டுவிட்டுப் போருக்குப் புறப்பட்ட குடும்பத்தலைவர்களை அவமதிக்கிறோம்.

இன்னொன்று: 'கசாக்' என்று எழுதுவதை நிறுத்துங்கள். கஜகஸ்தான் மக்களோடு குழம்புகிறது.

இந்தச் சொற்களை அப்படியே விட்டு, நூலின் தொடக்கத்தில் ஒரு பக்கச் சொல்விளக்கம் சேருங்கள். அடுத்த பதிப்பிலேயே இதைச் செய்யலாம்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்