மணிமேகலைக்குக் குறிப்புரை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

மணிமேகலையின் சிறைசெய் காதையில் ‘தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள் / பெய்யெனப் பெய்யும் மழை’ என்ற குறள் வரும் இடத்துக்கு ‘காண்க: குறள் 55’ என்று மட்டும் குறிப்புப் போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டுகிறோம். அதைப் படிக்கும் மாணவர், நூலாசிரியர் சாத்தனார் வள்ளுவரைப் புகழ்ந்தார் என்று எழுதிவிட்டு மதிப்பெண் வாங்கிப் போய்விடுகிறார். அங்கே நடப்பது அதைவிடச் சுவையானது.

குறளின் முதலடி அப்படியே வருகிறது. இரண்டாம் அடிதான் சிக்கல். வெண்பாவின் ஈற்றடிக்கு மூன்று சீர். ‘மழை’ என்ற ஓரசைச் சீரில் முடிந்துவிடும். மணிமேகலை அமைந்த அகவற்பாவின் அடிக்கோ நான்கு சீர் வேண்டும். ஆகவே ‘பெய்யெனப் பெய்யும் பெருமழை என்றஅப்’ என்று அடி நிரம்புகிறது. ‘பெரு’ வந்ததில் மோனையும் கூடுகிறது. அடுத்த அடி ‘பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்’. இந்தத் ‘தேறாய்’ (நீ தெளியவில்லை) என்பதுதான் கவனிக்க வேண்டிய சொல். புகாரைக் காத்த மன்னன் ககந்தனின் மகன் தன்னை விரும்பியதால் கற்பில் குறை வந்ததோ என்று கலங்கும் மருதி என்ற பார்ப்பனியிடம், நகரின் நாற்சந்தியில் இருந்து தவறு செய்வோரைத் தண்டிக்கும் சதுக்கப் பூதம் பேசுகிறது: பிசியும் நொடியும் (விடுகதையும் கதையும்) கேட்டாய், விழா விரும்பினாய், கடவுளரைப் பேணினாய், அதனால் உன் ஏவலுக்கு மழை பெய்யாது. அறம் சொன்ன குறள் இங்கே குற்றம் சாட்டும் சட்டமாகிவிட்டது. அதுவும் பூதம் சொன்னதை முனிவர்கள் அரசனுக்குச் சொல்கிறார்கள். அரசனின் மகன் உதயகுமரன் கொலையுண்ட செய்தியைச் சொல்லுமுன் அரசனைப் பக்குவப்படுத்துவதற்காக. இத்தனை வாய் கடந்து வரும் கூற்றைப் பௌத்தக் கவியின் சொந்தக் கொள்கை என்று தேர்வில் எழுத வைப்பது அநியாயம்.

29ஆம் காதையில் எடுத்தாள்வது வேறு வகை. அங்கே வரும் போலிகளின், அதாவது வாதப் பிழைகளின், கணக்கு (கூற்றில் வரும் பக்கப்போலி 9, காரணத்தில் வரும் ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டில் வரும் திட்டாந்தப்போலி 10) நியாயப்பிரவேசம் என்ற வடமொழிப் பௌத்தத் தருக்க நூலின் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. இங்கே அடிக்கு அடி உரை எழுதினால் யாருக்கும் விளங்காது. இரண்டு நூலின் பட்டியலையும் பக்கத்தில் பக்கமாக அச்சிடுங்கள், போதும்.

ஓர் எச்சரிக்கை. சிலம்பின் ‘முற்பகல் செய்தான் பிறன்கேடு தன்கேடு பிற்பகல் காண்குறூஉம்’ என்பதையும் ‘பிறர்க்கின்னா முற்பகல் செய்யின் தமக்குஇன்னா பிற்பகல் தாமே வரும்’ என்ற குறள் 319ஐயும் இதே தட்டில் வைக்காதீர்கள். கருத்து ஒன்று, சொற்களும் ஓரளவு ஒன்று. ஆனால் ‘புலவன் சொன்னான்’ என்ற சுட்டு அங்கே இல்லை. இரண்டும் ஒரு பழமொழியிலிருந்து வந்திருக்கலாம். அதை வைத்து எது முந்திய நூல் என்று கணக்குப் போடக் கூடாது.

சிறைசெய் காதைக்கு எங்கள் மாதிரிக் குறிப்பு இது. விரும்பினால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ‘குறள் 55. முதலடி மாறவில்லை, இரண்டாம் அடி அகவலுக்காக நீண்டது. கூறுவது பூதம், கேட்பவள் மருதி. நோக்கம்: கண்டிப்பு.’

இப்படிக்கு,
தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்